எத்தியோப்பியாவுக்கு மருத்துவச்சிப் பயிற்சி கொடுக்கப் போகிறவர்களுக்கு

நர்சிங் முடித்து, பிரசவ வார்டில் நாலைந்து வருடம் நின்றுவிட்டு, பயிற்றுநராக எத்தியோப்பியாவுக்குக் கிளம்புகிறவர்கள் நம் ஊரில் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். கிளம்பும் முன் என்னைக் கூப்பிட்டுப் பேசுகிறவர்கள் சம்பளம், வீடு, சாப்பாடு பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். அதெல்லாம் போனதும் தானே தெரிந்துவிடும். அங்கே போய் மாதக்கணக்கான பிறகுதான் எனக்குப் பிடிபட்ட வேறு சில விஷயங்கள் உண்டு. அவற்றை வரிசையாக எழுதி வைக்கிறேன். நீங்கள் முதல் நாளே தெரிந்துகொண்டு போனால், உங்கள் கையில் படிக்கும் பிள்ளைகளுக்கும், அவர்கள் கையில் பிரசவிக்கும் பெண்களுக்கும் நல்லது.

முதலில் நிலவரம். 2000-இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில், எத்தியோப்பியாவில் ஒரு லட்சம் பிறப்புக்கு 871 தாய்மார் இறந்தார்கள். 2016 கணக்கெடுப்பில் அது 412 ஆகியிருந்தது. 2000-இல் நூறு பிரசவத்தில் ஐந்துதான் மருத்துவமனையிலோ சுகாதார நிலையத்திலோ நடந்தது. 2019-இல் 48. அதாவது, பெண்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். மலை இறங்கி, ஆற்றைக் கடந்து, ஆள் சுமந்து வந்து சேர்கிறார்கள். வந்தவளை வாங்கிக்கொள்ளும் கை பழகின கையாக இருக்கிறதா என்பதுதான் இப்போது கேள்வி. நீங்கள் போவது அந்தக் கையைப் பழக்குவதற்கு. பாடத்திட்டம், பரீட்சை, சான்றிதழ் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

உங்கள் கையை முதலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்

எத்தியோப்பியாவில் அரசு சுகாதார அமைப்பின் ஆரம்ப நிலையிலேயே மூன்று படி. கீழே, கெபெலே என்கிற சின்ன நிர்வாகப் பகுதிக்கு ஒன்றாக ஹெல்த் போஸ்ட். மூவாயிரத்திலிருந்து ஐயாயிரம் பேருக்கு ஒன்று என்று கணக்கு. அங்கே இருப்பவர்கள் சுகாதார விரிவாக்கப் பணியாளர்கள். 2003-இல் தொடங்கிய திட்டம் இது. பத்தாம் வகுப்பு முடித்த உள்ளூர்ப் பெண்களுக்கு ஒரு வருடப் பயிற்சி கொடுத்து, கெபெலேக்கு இரண்டு பேராக வைத்தார்கள். அதற்கு மேலே, கிராமப்புறத்தில் சுமார் 25,000 பேருக்கு ஒரு சுகாதார நிலையம். அதற்கும் மேலே, சிசேரியன் செய்யக்கூடிய ஆரம்ப மருத்துவமனை. பெரிய மருத்துவமனைகளெல்லாம் அப்புறம்.

உங்கள் மாணவி போய் உட்காரப் போவது பெரும்பாலும் நடுப் படியான சுகாதார நிலையத்தில். அங்கே மகப்பேறு மருத்துவர் கிடையாது. ஆன்டிபயாடிக் ஊசி, கருப்பையைச் சுருங்க வைக்கும் ஊசி, வலிப்புக்கு மக்னீசியம், தங்கிவிட்ட நஞ்சுக்கொடியைக் கைவிட்டு எடுப்பது, கருக்கலைப்பில் மிச்சமானதை வெளியேற்றுவது, வேக்குவம் என்கிற உறிஞ்சு கருவி வைத்துப் பிள்ளை எடுப்பது, மூச்சு விடாத சிசுவுக்குப் பையால் மூச்சுக் கொடுப்பது. இந்த ஏழு வேலையும் அந்தப் பிள்ளையின் பொறுப்பு.

இப்போது உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: இதில் எத்தனையை நீங்கள் உங்கள் கையால் செய்திருக்கிறீர்கள்? நம் ஊர்ப் பெரிய மருத்துவமனைகளில் வேக்குவம் டாக்டர் வைப்பார், நாம் எடுத்துக் கொடுப்போம். நஞ்சைக் கைவிட்டு எடுப்பதும் அப்படித்தான். பார்த்ததை வைத்துப் பாடம் நடத்தலாம்; ஒரு பெண்ணின் பக்கத்தில் நின்று மாணவியின் கையைப் பிடித்துக் காட்ட முடியாது. கிளம்ப ஆறு மாதம் இருக்கிறது என்றால், உங்கள் மருத்துவமனையிலேயே மூத்த டாக்டரிடம் கேட்டு இந்த ஏழையும் மேற்பார்வையில் பழகிக்கொள்ளுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. போய்ச் சேர்ந்த பிறகு தெரியாது என்று ஒப்புக்கொள்வதைவிட இது எவ்வளவோ மேல். ஒருவேளை அங்கே போயும் ஒன்று தெரியவில்லை என்றால், தெரியாது என்றே சொல்லுங்கள். பத்து வருடம் கிராமத்தில் இருந்த எத்தியோப்பிய மருத்துவச்சிக்கு அது தெரிந்திருக்கும். அவர் காட்டட்டும், நீங்களும் மாணவிகளோடு நின்று பழகுங்கள்.

நாளும் நேரமும்

இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எத்தியோப்பியக் காலண்டர் நம்முடையதைவிட ஏழெட்டு வருடம் பின்னால். வருடத்துக்குப் பதின்மூன்று மாதம்: முப்பது நாள் கொண்ட பன்னிரண்டு மாதம், கடைசியில் பகுமே என்று ஐந்து நாள், நாலு வருடத்துக்கு ஒருமுறை ஆறு நாள். வருடப் பிறப்பு நம் கணக்கில் செப்டம்பர் 11, நாலு வருடத்துக்கு ஒருமுறை 12.

கடைசியாகத் தலைக்குக் குளித்த தேதி என்ன என்று கேட்டால் அவள் அந்தக் காலண்டரில்தான் சொல்வாள். நாம் படித்த கணக்கு, ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டுவது. அது அங்கே ஒத்துவராது. முப்பது நாள் மாதம் என்பதால் ஒன்பது மாதத்துக்கு 270 நாள்தான் ஆகிறது. 280 நாளுக்குப் பத்து நாள் கூட்ட வேண்டும். இடையில் பகுமே வந்துவிட்டால் அதன் ஐந்து நாளைக் கழித்து, ஐந்து நாள் மட்டும் கூட்ட வேண்டும். மெஸ்கெரெம் 5 என்றாளா? ஒன்பது மாதம் தள்ளினால் செனே 5, பத்து கூட்டினால் செனே 15. பகுமே இடையில் இல்லை. திர் மாதம் 10 என்றால், ஒன்பது மாதம் தள்ளி அடுத்த வருடத் திகிம்த் 10. பகுமே நடுவில் வந்துவிட்டது. ஆகவே திகிம்த் 15. அங்கே படித்த எந்த மருத்துவச்சிக்கும் இது மனப்பாடம். நீங்கள் நம் காலண்டருக்கு மாற்றி, கூட்டி, திரும்ப மாற்றிக்கொண்டிருந்தால் எங்கேயாவது பிசகும். அவர்கள் கணக்கையே கற்றுக்கொள்ளுங்கள்.

கடிகாரம் அதைவிட ஆபத்து. அங்கே பகல் காலை ஆறு மணிக்குத் தொடங்குகிறது. நம் ஏழு மணி அவர்களுக்குப் பகல் ஒன்று. நம் ஒன்பது மணி அவர்களுக்கு மூன்று. இரவும் அப்படியே, மாலை ஆறிலிருந்து எண்ணுவார்கள். ஒருமுறை சுகாதார நிலையத்திலிருந்து ஒரு பெண்ணை அனுப்பிய சீட்டில் நான்கு மணிக்குப் பனிக்குடம் உடைந்ததாக எழுதியிருந்தது. நான் விடியற்காலை நான்கு என்று படித்தேன். அது காலை பத்து. ஆறு மணி நேர வித்தியாசம். தொற்று வருமோ, ஆன்டிபயாடிக் உடனே போடணுமோ, எவ்வளவு நேரம் பொறுக்கலாம் என்று நான் போட்ட கணக்கு முழுக்கத் தப்பு. பக்கத்தில் நின்ற மாணவி மெல்லத் திருத்தினாள். அன்றிலிருந்து நேரம் எழுதும் இடத்திலெல்லாம் எந்த மணி என்று பக்கத்தில் ஒரு எழுத்துப் போடுவதை எங்கள் வார்டில் வழக்கமாக்கினோம். நீங்களும் முதல் வாரமே அதைச் செய்துவிடுங்கள்.

பத்து வார்த்தை

வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும். பிரசவ அறை ஆங்கிலத்தில் நடக்காது. அம்ஹாரிக், அஃபான் ஒரோமோ, திக்ரின்யா, சோமாலி என்று இடத்துக்கு இடம் மாறும். போகும் ஊரில் எது பேசுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு, பிரசவ அறையில் வேண்டிய பத்து வார்த்தையை மட்டுமாவது வாயில் ஏற்றிக்கொள்ளுங்கள். அம்ஹாரிக் ஊர் என்றால் பிரசவ வலிக்கு ‘மித்’. மருத்துவச்சிக்கு ‘அவாலாஜ்’. எல்லாவற்றுக்கும் முன்னால் ‘அய்ஸோஷ்’. பயப்படாதே, தைரியமாயிரு, நான் இருக்கேன் என்று நம் ஊரில் மூன்று வாக்கியத்தில் சொல்வதை அந்த ஒரு சொல்லில் சொல்லிவிடுவார்கள். பிள்ளை பிறந்ததும் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவ வீட்டுப் பெண்ணிடம் சொல்வது ‘எங்க்வான் மரியம் மாரெச்சிஷ்’, மரியம் உன் மேல் இரக்கம் வைத்தாள் என்று அர்த்தம். இந்த இரண்டையும் நீங்கள் சொல்லும்போது அந்தப் பெண்ணின் முகத்தைப் பாருங்கள். அங்கேயும் நர்ஸை ‘சிஸ்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள், அது ஒன்று நமக்குப் புதிதில்லை.

இன்னொன்று. மருத்துவச்சி என்று நான் எழுதிக்கொண்டே போகிறேன், உங்கள் வகுப்பில் ஆண்களும் இருப்பார்கள். எத்தியோப்பியாவில் ஆண்கள் இந்தப் படிப்பைப் படிப்பது சகஜம். நம் மனத்தில் அது உறுத்தினால் அதை வாசலிலேயே விட்டுவிடுங்கள். பரிசோதனைக்கு முன் பெண்ணிடம் கேட்டு, அவள் சம்மதித்த பிறகு தொடுவது என்கிற பாடத்தை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கண்டிப்போடு சொல்லிக் கொடுங்கள், போதும்.

யார் படிக்கிறார்கள், எங்கே போவார்கள்

1959-இல் கேத்தரின் ஹாம்லினும் கணவர் ரெஜினால்டும் ஆஸ்திரேலியாவிலிருந்து அடிஸ் அபாபாவுக்கு வந்தது மருத்துவச்சிப் பள்ளி ஒன்று தொடங்கத்தான். நாள்கணக்கில் பிரசவம் அடைபட்டு, பிள்ளையும் செத்து, சிறுநீர் ஓயாமல் ஒழுகும்படி ஆகிவிட்ட பெண்களை அங்கே பார்த்தார்கள். ஃபிஸ்டுலா என்கிற அந்தப் புண்ணுக்காகவே 1974-இல் தனி மருத்துவமனை கட்டினார்கள். எத்தனை பேருக்குத் தைத்தாலும் புதிதாக வந்துகொண்டேயிருந்தார்கள். 2007-இல் கேத்தரின் அம்மையார் மறுபடி முதலில் வந்த வேலைக்கே திரும்பி, மருத்துவச்சிக் கல்லூரி ஒன்றைத் திறந்தார். கிராமப்புற மாணவிகளைத் தேர்ந்தெடுப்பது, நாலு வருடப் படிப்பு, முடித்ததும் சொந்தப் பகுதிக்கே திரும்பிப் போவது, தனியாக அனுப்பாமல் துணையோடு அனுப்புவது என்பவை அந்தக் கல்லூரி வைத்த முறை.

எனக்கு அந்த முறையின் மேல் பெரிய மரியாதை. தலைநகரப் பெண்ணைக் கொண்டுபோய் மின்சாரமில்லாத மலையூரில் வைத்தால் எத்தனை நாள் இருப்பாள்? அந்த ஊர்ப் பேச்சும் அவளுக்குத் தெரியாது. மாணவர் தேர்வில் உங்களுக்குக் குரல் இருக்காது. ஆனால் முதல் வாரத்தில் ஒவ்வொருவரிடமும் இரண்டு கேள்வி கேளுங்கள்: சொந்த ஊர் எது? அங்கே பிரசவ வலி வந்தால் பெண்கள் எங்கே போவார்கள்? பதிலை நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாடம் நடத்தும்போது அந்த ஊரை வைத்தே கேள்வி கேட்கலாம். “உன் ஊரில் இது நடந்தால் ராத்திரி யாரைக் கூப்பிடுவாய்?” என்று கேட்கும்போது வகுப்பே நிமிர்ந்து உட்காரும்.

பொம்மையில் பழகாமல் பெண்ணைத் தொடக்கூடாது

இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். மாமாநட்டாலி என்று, பயிற்றுநர் வயிற்றில் கட்டிக்கொண்டு பிரசவம் நடத்திக் காட்டும் மாதிரி ஒன்று உண்டு. நியோநட்டாலி என்று, தண்ணீர் நிரப்பி மூச்சு கொடுத்துப் பழகும் சிசு பொம்மை உண்டு. கல்லூரியில் இருந்தால் பெட்டியைத் திறந்து வெளியே எடுங்கள். உடைந்துவிடும் என்று அலமாரியில் பூட்டி வைத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். இல்லையென்றால் துணியில் தைத்த பொம்மை போதும். அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு இடுப்பெலும்பு செய்துகொள்ளலாம்.

முதலில் சிசுவுக்கு மூச்சுக் கொடுப்பது. பிறந்ததும் நன்றாகத் துடைத்து, முதுகைத் தேய்த்து, அப்படியும் அழவில்லை என்றால் முதல் ஒரு நிமிடத்துக்குள் பையும் முகமூடியும் வைத்து மூச்சு கொடுக்கத் தொடங்கியாக வேண்டும். மாணவிகள் எல்லோரும் செய்யும் தப்பு ஒன்றே: முகமூடியை அழுத்திப் பிடிக்கிறேன் என்று தாடையைக் கீழே தள்ளிவிடுவார்கள், கழுத்து மடங்கும், காற்று உள்ளே போகாது. பையை மட்டும் அமுக்கிக்கொண்டே இருப்பார்கள். நான் அவர்களைப் பையைப் பார்க்க விடமாட்டேன். “நெஞ்சைப் பார். ஏறுகிறதா?” ஏறவில்லை என்றால் தலையைச் சரிசெய், முகமூடியை மறுபடி வை, வாயைக் கொஞ்சம் திற. சுண்டுவிரல் தாடை எலும்புக்குக் கீழே போய், தாடையை மேலே தூக்கி முகமூடிக்குள் கொண்டுவர வேண்டும். ஒருத்திக்கு அது வர இருபது தடவை ஆயிற்று. இருபத்தோராவது தடவை நெஞ்சு ஏறியபோது அவள் கை நடுங்கியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அன்று அதோடு விட்டுவிடவில்லை. தினமும் வகுப்பு தொடங்கும் முன் ஐந்து தடவை.

அடுத்தது உதிரப்போக்கு. எவ்வளவு போனது என்று கண்ணால் சொல்வதில் எல்லோரும் குறைத்தே சொல்வார்கள், நான் உட்பட. இதற்கு ஒரு பயிற்சி. சிவப்புச் சாயம் கலந்த தண்ணீரை 500 மில்லி அளந்து, அவர்கள் பெண்கள் போர்த்தும் வெள்ளை நெத்தெலாத் துணியில் ஊற்றுங்கள். எவ்வளவு என்று ஒவ்வொருவரும் சீட்டில் எழுதட்டும். பிறகு அளவைச் சொல்லுங்கள். இன்னொரு துணியில் ஒரு லிட்டர். நாலு தடவை செய்தால் கண் திருந்தும். அதற்கும் மேலே, அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பு கிடைத்தால் விடாதீர்கள். ஆப்பிரிக்காவின் நாலு நாடுகளில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு ஒன்றில், அந்த விரிப்பால் போக்கைச் சீக்கிரம் கண்டுபிடித்து, எல்லாச் சிகிச்சையையும் ஒருசேரக் கொடுத்தபோது, கடுமையான உதிரப்போக்கும் அதன் கேடுகளும் 60 சதவீதம் குறைந்தன.

ஒருசேர என்பதை அடிக்கோடிடுங்கள். வயிற்றைத் தேய்ப்பது, கருப்பையைச் சுருக்கும் ஆக்சிடோசின், உதிரப்போக்கை நிறுத்த உதவும் டிரானெக்ஸாமிக் அமிலம் ஒரு கிராம், நரம்பில் திரவம், கிழிசல் இருக்கிறதா, நஞ்சு மிச்சமா என்று பார்ப்பது. இவற்றை ஒவ்வொன்றாகச் செய்து பலனுக்காகக் காத்திருந்தால் நேரம் போய்விடும். டிரானெக்ஸாமிக் பிரசவமான மூன்று மணி நேரத்துக்குள் போனால்தான் பயன். மாணவிகளை மூன்று மூன்று பேராகப் பிரித்து, யார் வயிறு, யார் ஊசி, யார் நேரம் எழுதுவது என்று சொல்லி, கடிகாரம் வைத்து ஓடவிடுங்கள். அப்புறம் இரண்டு பேராக. கடைசியில் ஒருத்தி மட்டும், ஏனென்றால் அவள் போகும் இடத்தில் ராத்திரி அவளும் ஒரு காவலாளியும்தான் இருப்பார்கள்.

மக்னீசியம் கணக்கையும் இங்கேயே பழக்குங்கள். வலிப்பு வந்துகொண்டிருக்கும்போது யாருக்கும் கணக்கு வராது. குப்பியில் இருப்பது 50 சதவீத மருந்து என்றால் ஒரு கிராமுக்கு இரண்டு மில்லி. நரம்பில் போகும் முதல் 4 கிராமுக்கு மருந்து 8 மில்லி, ஊசிக்கான தண்ணீர் 12 மில்லி, மொத்தம் 20 மில்லி. மெதுவாக, ஐந்து நிமிடமாவது ஆக வேண்டும். பிறகு பிட்டத்தில் ஒவ்வொரு பக்கமும் 5 கிராம். அடுத்த டோஸுக்கு முன் மூச்சு நிமிடத்துக்குப் பதினாறுக்குக் குறையாமல் இருக்கிறதா, முழங்கால் துள்ளுகிறதா, சிறுநீர் போகிறதா என்று பார்க்க வேண்டும். அதன் முறிமருந்தான கால்சியம் குளுக்கோனேட் கைக்கெட்டும் இடத்தில் இருக்கணும். இந்தக் கணக்கைச் சுவரில் ஒட்டி வையுங்கள். குப்பியின் மேல் எழுதியிருக்கும் சதவீதத்தை ஒவ்வொரு தடவையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அந்நாட்டுச் சுகாதார அமைச்சின் வழிகாட்டி நெறியில் வேறு மாதிரி இருந்தால் அதுதான் உங்களுக்கும் விதி.

பிரசவ அறையில்

ஒரு கட்டில், ஒரு பெண், சுற்றி ஏழு மாணவர்கள். போய்ச் சேர்ந்ததும் நீங்கள் பார்க்கப்போவது இதைத்தான். ஒவ்வொருவர் பதிவேட்டிலும் இத்தனை பிரசவம் என்று எண்ணிக்கை காட்டியாக வேண்டுமே. உள்ளே கையை வைத்தவள் ஒருத்தி, எட்டிப் பார்த்தவர்கள் ஆறு பேர், பதிவேட்டில் ஏழு பேருக்கும் ஒரு பிரசவம். உலக மருத்துவச்சிகள் கூட்டமைப்பின் தரவிதிப்படி படிப்பில் பாதியாவது செய்முறையாக இருக்க வேண்டும். எட்டிப் பார்ப்பது அந்தப் பாதியில் சேராது.

நான் வைத்த விதி: ஒரு பெண்ணுக்கு ஒரு மாணவி. வலியோடு உள்ளே வந்ததிலிருந்து, பிள்ளை பிறந்து, நஞ்சு விழுந்து, முதல் பால் கொடுக்கும்வரை அவளே. இதற்கு இரவு நேரப் பணி வேண்டும், நீங்களும் இரவில் இருக்க வேண்டும். பயிற்றுநர்கள் பகலில் மட்டும் வார்டுக்கு வரும் பழக்கத்தை மாற்றுவதுதான் அங்கே எனக்குப் பட்ட பெரும்பாடு. ஆனால் பிள்ளைகள் இரவில்தான் அதிகம் கற்றார்கள், கூட்டம் இல்லை, அவசரம் இல்லை.

முதல் சில பிரசவங்களுக்கு உங்கள் கை அவள் கைமேல் இருக்கட்டும். தலை வரும்போது அதை வேகமாகத் துள்ளவிடாமல் தாங்கும் அழுத்தம் எவ்வளவு என்று வார்த்தையில் சொல்லவே முடியாது. கைக்குக் கை தெரிய வேண்டியது. நஞ்சு வருவதற்கும் அப்படித்தான். பிறந்த ஒரு நிமிடத்துக்குள் ஆக்சிடோசின் 10 யூனிட் தசையில். கருப்பை சுருங்கியதும் ஒரு கை அடிவயிற்றில் கருப்பையை மேலே தாங்கிக்கொண்டிருக்க, மறு கை தொப்புள்கொடியை மெல்ல இழுக்கணும். தாங்கும் கை இல்லாமல் இழுத்தால் கருப்பையே வெளியே புரண்டுவிடும். எந்த மாணவியின் இடது கை தளர்ந்தாலும் நிறுத்துங்கள்.

பிரசவம் எப்படி முன்னேறுகிறது என்று அவ்வப்போது குறிக்கும் தாளான பார்ட்டோகிராஃப் பற்றி ஒரு வார்த்தை. பிரசவம் முடிந்த பிறகு உட்கார்ந்து அழகாகக் கோடு போடுவது உலகம் முழுக்க நடக்கிறது, அங்கேயும் உண்டு. தாள் அழகாக இருக்கும், பெண் பன்னிரண்டு மணி நேரம் அடைபட்டுக் கிடந்திருப்பாள். நீங்கள் வார்டில் நடந்து போகும்போதெல்லாம் இப்போது படுத்திருக்கும் பெண்ணின் தாளைக் கேளுங்கள். முடிந்துபோன பிரசவத்தின் தாளைக் கேட்காதீர்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் கொண்டுவந்த புதிய தாளில், கருப்பை வாய் 5 செ.மீ. திறந்த பிறகுதான் வேகமான கட்டம் என்று கணக்கு. பழைய தாளில் 4. சுகாதார நிலையத்தில் எந்தத் தாள் தொங்குகிறதோ அதில் பழக்குங்கள், இரண்டையும் கலக்காதீர்கள்.

கத்துவது, தொடையில் அடிப்பது, துணியில்லாமல் படுக்க வைத்து ஆள் நடமாட விடுவது. நம் ஊரிலும் இவை நடந்ததை நாம் பார்த்தவர்கள்தான். எத்தியோப்பியச் சுகாதார அமைச்சு, இரக்கமும் மரியாதையும் அக்கறையும் உள்ள சேவை என்பதை 2015-இல் தொடங்கிய தன் ஐந்தாண்டுத் திட்டத்தின் முக்கிய நோக்கங்களில் ஒன்றாக வைத்தது. உங்கள் மாணவி அதைச் சுவரொட்டியில் படித்துக் கற்கமாட்டாள், உங்களைப் பார்த்துத்தான் கற்பாள். கூட ஒரு சொந்தக்காரி இருக்கட்டும். உட்கார்ந்தோ பக்கவாட்டில் படுத்தோ பெற விரும்பினால் விடுங்கள். பிரசவித்த வீட்டில் கென்ஃபோ என்கிற கெட்டிக் கூழ் கிண்டி, அக்கம்பக்கத்துப் பெண்களெல்லாம் சேர்ந்து சாப்பிடுவது அங்கே பெரிய சந்தோஷம். அதைச் சுகாதார நிலையத்திலேயே கிண்டவும், காப்பி வறுத்துக் காய்ச்சவும் இடம் கொடுத்த ஊர்கள் உண்டு. உங்கள் இடத்தில் ஒரு அடுப்பும் வாணலியும் வைக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

விளக்கு, தண்ணீர், குளிர்பெட்டி

இது சுருக்கமாக. தலையில் மாட்டும் டார்ச் ஒன்று உங்களுக்கு, முடிந்தால் மாணவிகளுக்கும். கிழிசல் தைக்க இரண்டு கையும் வேண்டும், மொபைல் வெளிச்சம் ஆகாது. ஆக்சிடோசின் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டிய மருந்து. தடுப்பூசிக் குளிர்பெட்டியில் ஒரு தட்டு அதற்கு ஒதுக்கச் சொல்லுங்கள். ஜன்னல் ஓரத்தில் வெயில் பட்ட குப்பி, ஊசியில் ஏறும், கருப்பை கேட்காது. ஆக்சிடோசினே இல்லாத இடத்துக்கு மிசோப்ரோஸ்டால் 600 மைக்ரோகிராம் வாய்வழியே.

அனுப்ப வேண்டியவளை அனுப்புவது

மலைப்பகுதியில் பெண்ணைக் கட்டையில் கட்டிய தூக்கில், ‘கரேஸா’ என்பார்கள், நாலு பேர் மாறி மாறிச் சுமந்து ரோட்டுக்குக் கொண்டுவருவார்கள். அங்கிருந்து ஆம்புலன்ஸ். எனவே தன்னால் முடியாது என்பது மாணவிக்கு எப்போது தெரிகிறதோ அப்போதே அனுப்ப முடிவெடுக்க வேண்டும். முடிவெடுக்கத் தயங்கும் மாணவிதான் அதிகம். திட்டுவார்களோ என்கிற பயம். தேவையில்லாமல் அனுப்பிவிட்டாள் என்று எந்த மாணவியையும் மற்றவர் முன் கடிந்துகொள்ளாதீர்கள்.

தூரத்து ஊர்ப் பெண்களுக்கு, நாள் நெருங்கும்போது சுகாதார நிலையத்துக்குப் பக்கத்திலேயே வந்து தங்கும் வீடுகள் உண்டு. குராகே பகுதியின் அத்தாத் மருத்துவமனையில் 1976-லேயே இது தொடங்கிவிட்டது. கர்ப்பப் பரிசோதனைக்கு வருபவள் எங்கிருந்து வருகிறாள், எத்தனை மணி நேரம் நடந்தாள் என்று கேட்டு அட்டையில் எழுத மாணவியைப் பழக்குங்கள். நாலு மணி நேரம் நடந்தவளுக்கு அந்த வீட்டைப் பற்றி அன்றே பேச வேண்டும்.

ஊரில் அனுபவத்தால் பிரசவம் பார்க்கும் பாட்டிகளை மாணவிகள் இளக்காரமாகப் பேசினால் அனுமதிக்காதீர்கள். 1997-இல் கொழும்பில் நடந்த உலகக் கலந்தாய்வுக்குப் பிறகு, அவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதைவிட முறையாகப் படித்த மருத்துவச்சி ஒவ்வொரு பிரசவத்திலும் இருக்க வேண்டும் என்று கொள்கை மாறியது. சரியான மாற்றம்தான். ஆனால் ராத்திரி வலி வந்தால் அந்தப் பெண் முதலில் எழுப்புவது பாட்டியைத்தான். பாட்டி “வா, போகலாம்” என்று கூட்டிவந்தால்தான் உங்கள் மாணவிக்கு வேலை. கூட வந்த பாட்டியை வாசலில் நிறுத்தாமல் உள்ளே உட்கார வையுங்கள்.

படிப்பு முடிந்த பிறகு

பட்டம் வாங்கி மலையூருக்குப் போன முதல் மூன்று மாதத்தில் ஒரு பிள்ளையின் கை ஒன்று பழகும், இல்லை மறக்கும். மாதம் நாலைந்து பிரசவம்தான் நடக்கும் நிலையத்தில் வருடத்துக்கு ஒருமுறைதான் வலிப்பு வரும். கைக்கு ஞாபகம் இருக்காது. அதனால் பொம்மை ஒன்றை அவளோடு அனுப்பிவைக்க வழி பாருங்கள். வாரம் பத்து நிமிடம், பையும் முகமூடியும். கல்லூரி வண்டி அந்தப் பக்கம் போனால் தொற்றிக்கொண்டு போய் ஒரு நாள் நில்லுங்கள். தாய் இறந்தால் அதைப் பதிந்து, காரணம் அலசும் முறை எத்தியோப்பியாவில் 2013 முதல் இருக்கிறது. தமிழ்நாட்டில் தாய் மரண ஆய்வுக் கூட்டத்தில் உட்கார்ந்தவர்களுக்கு அது பழகிய இடம். அங்கே உங்கள் பழைய மாணவியைக் கூண்டில் நிறுத்துவது போல நடந்தால், நீங்கள் எழுந்து அவள் எந்த மருந்து இல்லாமல் அன்று வேலை செய்தாள் என்று சொல்லுங்கள்.

உங்கள் போன் நம்பர் எல்லோரிடமும் இருக்கட்டும், இரவில் போனை அணைக்காதீர்கள். கூப்பிடுகிறவள் பதற்றத்தில் கதையை நடுவிலிருந்து தொடங்குவாள். குறுக்கே பேசாமல், ‘அய்ஸோஷ்’ சொல்லிவிட்டு, இந்த வரிசையில் கேளுங்கள்: கூட யார் இருக்கிறார்கள்? பேசுகிறாளா, மயக்கமா? வயிற்றில் கை வை, கருப்பை கெட்டியா, தளர்ந்திருக்கா? நஞ்சு முழுசா வந்ததா? சிறுநீர்ப்பை நிறைந்திருக்கா? ஆக்சிடோசின் எத்தனை மணிக்குப் போட்டாய், உங்கள் மணியா, எங்கள் மணியா?